தார்ப் பாலையில் இரண்டு இரவு: சாம், கூரி, சுதாசரி – மதுரையிலிருந்து போகிறவர்கள் எதைத் தேர்வது?

பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்கிறார்கள். மணல்மேடு, ஒட்டகம், செந்நிற அந்தி. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் இது எந்தப் பக்கம் போனாலும் கிடைக்கும். பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: ராத்திரிக் குளிர், தண்ணீர், அனுமதி. இந்த மூன்றையும் வைத்துத்தான் ஜெய்சல்மேர் பக்கத்து மூன்று இடங்களை இங்கே ஒப்பிடுகிறோம்: கூடார விடுதிகள் நிறைந்த சாம், கூரி கிராமம், பாலைவன தேசியப் பூங்காவின் மையப் பகுதியான சுதாசரி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பமோ நண்பர் குழுவோ என்றால் கூரி கிராமத்தில் இரண்டு இரவு தங்கி, அதில் ஒரு விடிகாலையைச் சுதாசரிக்கு ஒதுக்குவது நல்லது. சாம் ஒரு மாலைக்குப் போதும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் மட்டும் இந்த முடிவு மாறும்.

பூங்கா என்றால் என்ன பூங்கா

பாலைவன தேசியப் பூங்கா ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. 1980-ல் அறிவிக்கப்பட்டது. பெயரில் தேசியப் பூங்கா என்று இருந்தாலும் சட்டப்படி அது வனவிலங்கு சரணாலயம். உள்ளே கிராமங்கள் உண்டு, ஆடு மாடு மேய்கிறது, மானாவாரி விவசாயம் நடக்கிறது. ஆகவே எண் போட்டு ஒதுக்கிய கூடாரத் திடல், குழாய்த் தண்ணீர், கழிப்பறை என்ற ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போகக்கூடாது. கண்ட இடத்தில் டென்ட் அடிக்கவும் முடியாது. வனத்துறை நிலத்தில் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலம் என்றால் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று. பூங்காவில் மணல்மேடு ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் கல்லாங்காடு, புல்வெளி, வற்றிய உப்பேரிப் படுகை. நம் விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கத்துக் கரிசலும் முள்காடும் பழகிய கண்ணுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. அங்கே ‘கேஜ்ரி’ என்று கும்பிடுகிற மரம் நம் வன்னி மரம்தான், விருத்தாசலம் கோயிலின் தலமரம். எருக்கும் கண்ட இடமெல்லாம் நிற்கும். மணலை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் புல்வெளி ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உயிர்கள் வாழ்வது அங்கேதான்: கானமயில் (‘கிரேட் இந்தியன் பஸ்டர்ட்’ என்கிற பெரிய தரைப்பறவை), சிங்காரா மான், பாலைவன நரி, முள்வால் ஓணான், குளிர்காலத்தில் வந்திறங்கும் கழுகுகள்.

எந்த மாதம்

அக்டோபர் கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரை. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். ‘ஆந்தி’ என்கிற புழுதிப்புயலும் அடிக்கும். அந்த மாதங்களை யோசிக்கவே வேண்டாம்.

இந்த நான்கு மாதங்களுக்குள்ளும் பெரிய வித்தியாசம் உண்டு. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய குளிர் உச்சம். பகலில் 23, 24 டிகிரி சுகமாக இருக்கும். விடிகாலையில் 5 டிகிரிக்கு அருகில், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். மதுரையில் மார்கழியில்கூட 20 டிகிரிப் பக்கம்தான் பார்த்திருப்போம். எங்கள் தேர்வு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, இல்லாவிட்டால் பிப்ரவரி இரண்டாம் பாதி. இரண்டிலும் பகல் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், ராத்திரி தாங்கக்கூடியதாக இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதில் சிக்கல்தான். அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் விழுகிறது. வட இந்தியா முழுவதும் அந்த வாரம் ஜெய்சல்மேரில் இறங்கும். வாடகை ஏறும், சாமில் கூட்டமும் இரைச்சலும் உச்சத்தில் இருக்கும். அந்த வாரத்தை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் சாமைத் தவிர்த்துவிட்டுக் கூரிக்கே போகவேண்டும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வட இந்திய ‘மாக’ மாதப் பௌர்ணமியை ஒட்டி ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். அதைப் பார்க்கவென்றே போவதானால் சரி, அமைதி தேடிப் போகிறவர்கள் அந்த நாள்களை ஒதுக்கிவிடுங்கள்.

அமாவாசையை ஒட்டிப் போனால் வானம் முழுவதும் நட்சத்திரம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் டார்ச் இல்லாமல் மணலில் நடக்கலாம். எங்கள் ஓட்டு அமாவாசைக்குத்தான். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை எல்லாம் குளிர்கால முன்னிரவில் உச்சிப் பக்கம் நிற்கும். ஜெய்சல்மேர் ஏறத்தாழ 27 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, மதுரை 10-ல். அதனால் நம்மூரில் அடிவானத்தை ஒட்டி மங்கலாகத் தெரியும் துருவ நட்சத்திரம் அங்கே 27 டிகிரி உயரத்தில் நிற்கும். நம்மூரில் அதே 27 டிகிரி வரை ஏறுகிற அகத்திய நட்சத்திரம் அங்கே 10 டிகிரியோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பூமி உருண்டை என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாம்: வசதி உண்டு, அமைதி இல்லை

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். தார்ச்சாலை வாசல்வரை போகும். சாலையோரம் முழுவதும் வரிசை வரிசையாகக் கூடார விடுதிகள். இவை கித்தானால் சுவர் வைத்த அறைகள் என்பதே சரி: உள்ளே கட்டில், மெத்தை, ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை), பின்பக்கம் மேற்கத்திய கழிப்பறை, பக்கெட்டில் வெந்நீர். மாலையில் ஒட்டகச் சவாரி, ஜீப் சவாரி, பிறகு மேடையில் காலபேலியா என்கிற ராஜஸ்தான் நாட்டுப்புற ஆட்டம், இரவு பஃபே சாப்பாடு.

பெரியவர்களுக்கு இதுதான் வழி. ராத்திரி இரண்டு முறை எழுந்து போகிறவருக்கு ஐந்தடியில் கழிப்பறை இருப்பதைவிடப் பெரிய வசதி பாலைவனத்தில் இல்லை. சுகர் உள்ளவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும். ஏதாவது என்றால் வண்டி வாசலில் நிற்கும், ஜெய்சல்மேர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கெடுவது எங்கே என்றால் சத்தத்தில். பக்கத்துப் பக்கத்து விடுதிகள் எல்லாம் ஒலிபெருக்கி வைக்கும். அது ஓய்ந்தாலும் ஜெனரேட்டர் ஓடும். விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் பாதிதான் தெரியும். மணல்மேட்டில் ஜீப் தடமும் பிளாஸ்டிக்கும் கிடக்கும். பதிவு செய்யும்போது ‘மணல்மேட்டின் மேல்’ என்று விளம்பரத்தில் இருப்பதை அப்படியே நம்பக்கூடாது. மணல்மேட்டுக்கு எத்தனை மீட்டர், சாலையின் எந்தப் பக்கம், மேடைக்கு எவ்வளவு தள்ளி நம் கூடாரம் என்று கேளுங்கள். மேடையிலிருந்து தூரமான கடைசி வரிசையைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டகமும் ஜீப்பும் வாடகையில் சேர்ந்ததா தனியா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் வரும் தகராறில் பெரும்பங்கு இதில்தான்.

கூரி: கிராமத்து வீடும் திறந்த வானமும்

ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். மணல்மேடுகள் சாமைவிடச் சிறியவை, கூட்டமும் சிறிது. மண்சுவரும் கூரையுமாகக் குடிசைகள் வைத்த வீட்டு விடுதிகள் இருக்கின்றன. வீட்டுக்காரர்களே சமைப்பார்கள். கம்பு ரொட்டி, பருப்பு, ‘கேர் சாங்ரி’ கிடைக்கும். அந்த சாங்ரி வன்னி மரத்தின் காய்தான். காரம் நமக்குப் பழகியதுதான், எண்ணெய் மட்டும் கூடுதல்.

இங்கே இரண்டு இரவையும் வேறுவேறு மாதிரி கழிக்கலாம் என்பதே பெரிய லாபம். முதல் இரவு குடிசையில் தங்கி உடம்பைக் குளிருக்குப் பழக்கலாம். இரண்டாம் இரவு ஒட்டகத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் போய், மணலில் கயிற்றுக் கட்டில் போட்டுத் திறந்த வானத்தின் கீழ் படுக்கலாம், அல்லது நாம் கொண்டுபோகும் டென்ட்டை அங்கே அடிக்கலாம். ஒட்டகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். பழக்கமில்லாதவர்களுக்குத் தொடையின் உள்பக்கம் உரசிப் புண்ணாகும், மறுநாள் நடக்கவே சிரமப்படும். வேட்டி, சேலை, மெல்லிய லெக்கிங்ஸ் எல்லாம் இதற்கு ஆகாது. தடித்த பேன்ட் போடுங்கள்.

கயிற்றுக் கட்டிலைப் பற்றி ஒரு முக்கிய விஷயம். எல்லோரும் மேலே போர்த்திக்கொள்வதைப் பற்றியே யோசிப்பார்கள். கட்டிலுக்கு அடியில் குளிர்காற்று ஓடும், கயிற்று இடைவெளி வழியாக முதுகுச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே கீழே ஒரு ரஜாய் விரித்து, மேலே இரண்டு போர்த்தவேண்டும். ஆளுக்கு மூன்று ரஜாய் என்று முன்பே சொல்லிவைக்கவேண்டும். இருட்டியபின் மணல்மேட்டில் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்காது.

கூரியின் குறை கழிப்பறை. வீட்டில் உண்டு, மணலில் கிடையாது. வெளியில் போவதானால் படுக்கையிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூடவேண்டும். காகிதத்தை அங்கேயே புதைக்கக்கூடாது. ஈரமில்லாத மணலில் எதுவும் சீக்கிரம் மக்காது, காற்று மணலைத் தள்ளினால் மேலே வந்துவிடும். காகிதத்தை ஜிப் பையில் போட்டுத் திருப்பி எடுத்துவாருங்கள்.

சுதாசரி: கானமயிலின் வீடு

ஜெய்சல்மேரிலிருந்து 60 கிலோமீட்டர் அளவில் பூங்காவின் மையப் பகுதி. வனத்துறைக்கு அங்கே குடில்கள் இருக்கின்றன. ஜெய்சல்மேரில் உள்ள பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும். கேட்ட தேதிக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சமையல் சாமான், தண்ணீர், படுக்கை எல்லாம் நாமே கொண்டுபோகவேண்டும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பறவை பார்ப்பதே நோக்கம் என்கிற இரண்டு மூன்று பேருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சிறுபிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு இங்கே ராத்தங்கல் தேவையில்லை. கூரியிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, வழிகாட்டியோடு சுற்றிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பினால் போதும்.

கானமயில் உலகில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான். ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். பறப்பவற்றில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. நேர் எதிரே பார்க்கும் பார்வை அதற்குக் குறைவு, கனமான உடம்பைச் சட்டென்று திருப்பவும் முடியாது. அதனால் உயரழுத்த மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. வழக்கமாக ஆண்டுக்கு ஒரே முட்டை, அதுவும் வெறுந்தரையில். 2024-ல் செயற்கைக் கருவூட்டல் மூலம் இங்கே ஒரு குஞ்சு பொரித்தது என்ற செய்தி அத்தனை பெரிதாகக் கொண்டாடப்பட்டதற்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. நாம் எறியும் எச்சில் சோறும் கோழி எலும்பும் தெருநாய்களை வளர்க்கிறது. அந்த நாய்கள்தான் தரையில் கிடக்கும் முட்டையைத் தின்கின்றன. மிச்சச் சாப்பாட்டை மணலில் புதைப்பதும் நாய்க்கு வைப்பதும் ஒன்றுதான், மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். எல்லாவற்றையும் இரண்டு மடிப்புக் குப்பைப் பையில் கட்டி ஜெய்சல்மேருக்கே எடுத்துவாருங்கள்.

விறகும் அப்படித்தான். சரணாலயத்துக்குள் சுள்ளி பொறுக்கவே கூடாது. இந்த நாட்டில் 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் வன்னி மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து அமிர்தா தேவியோடு 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். குளிர் காய வேண்டுமானால் தங்குமிடத்துக்காரரிடம் விறகு விலைக்கு வாங்கி, அவர் வழக்கமாக மூட்டுகிற இடத்திலேயே மூட்டுங்கள்.

கட்ச், தேரிக்காடு

குஜராத்தின் கட்ச் வெள்ளை ரண் என்கிற உப்புப் பாலை பற்றியும் பலர் கேட்கிறார்கள். தோர்டோவில் குளிர்காலத்தில் கூடார நகரம் எழும்புகிறது, புஜ் நகரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ரண் பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும், உப்புத் தரையில் நாம் கூடாரம் போட முடியாது. மழைக்காலத் தண்ணீர் வற்றி உப்பு இறுகுவதே நவம்பருக்குப் பிறகுதான். நெல்லையிலிருந்து காந்திதாம் வரை வாராந்திர ஹம்சஃபர் ரயில் இருப்பதால் போய்வருவது ஒரு விதத்தில் எளிது. பார்க்கவேண்டிய இடம், ஆனால் கூடார அனுபவத்துக்கு அல்ல.

தேரிக்காடு வேறு கதை. மதுரையிலிருந்து மூன்றரை, நான்கு மணி நேரத்தில், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் குதிரைமொழித் தேரியில் செம்மணல் மேடுகள் இருக்கின்றன. இரும்பு ஆக்சைடு பூசிய மணல் என்பதால் அந்தச் சிவப்பு. அது காப்புக்காடு, ராத்திரி தங்க முடியாது. ஆனால் ஜெய்சல்மேர் போவதற்கு முன் ஒத்திகைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் மணலில் நிற்கலாம். பொதிமணலில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். தார்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர் இங்கே இரண்டில் மூச்சு வாங்குவார். எந்தச் செருப்பு ஆகாது என்பதும் தெரிந்துவிடும். டென்ட் ஒத்திகைக்கு ஓரத்தில் உள்ள பனந்தோப்புக்காரர் யாரிடமாவது சம்மதம் கேட்டு அவர் மணலில் அடித்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மணலைக் கண்ணில் இறைக்கும்.

குளிருக்கு ஒத்திகை கொடைக்கானலில். டிசம்பரில் அங்கே ஒரு ராத்திரி, வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்துப் பாருங்கள். அங்கே நடுங்கினால் ஜெய்சல்மேரில் தூங்கமாட்டீர்கள்.

சொந்த டென்ட் கொண்டுபோவதா, அங்கே வாடகையா

முதல்முறை போகிறவர்களுக்கு வாடகைதான். சொந்த டென்ட் வைத்திருப்பவர்கள் கொண்டுபோகலாம். ஆனால் கடையில் அதோடு வரும் 18 சென்டிமீட்டர் கம்பி முளை மணலில் நிற்காது. கை வைத்தாலே வந்துவிடும். அதற்கு மணல் மூட்டைக் கட்டு செய்யவேண்டும்.

ஐந்து கிலோ அரிசிப் பை எட்டு எடுத்துக்கொள்ளுங்கள், மடித்தால் எடையே இல்லை. நான்கு மில்லிமீட்டர் நைலான் கயிறு, ஒவ்வொரு மூட்டைக்கும் மூன்று மீட்டர். பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை மூட்டையின் இடுப்பில் சுற்றி இரண்டு முனையையும் மேலே கொண்டுவாருங்கள். இழுக்கும் திசைக்குக் குறுக்காக 40 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி பறித்து, மூட்டையைக் கிடைவாட்டில் வைத்து மூடி நன்றாக மிதியுங்கள். முடிச்சை மேலே டென்ட் பக்கம் போடவேண்டும். முடிச்சு மணலுக்குள் போனால் காலையில் விரல் விறைத்த குளிரில் தோண்டி அவிழ்க்கவேண்டியிருக்கும்.

இடம் பார்ப்பதில் மணல்மேட்டு உச்சி அழகாகத் தோன்றும், காற்று முழுவதும் அங்கேதான். செங்குத்தான சரிவின் அடிவாரத்தில் மணல் சரிந்து வரும். இரண்டு மேடுகளுக்கு நடுவே கெட்டியான சமதரைதான் நல்ல இடம். புதர் காற்றை மறைக்கும், ஆனால் அதை ஒட்டிப் படுக்கக்கூடாது, எலி வளை இருந்தால் பாம்பும் வரும். வாசல் காற்று அடிக்காத பக்கம் இருக்கட்டும். முழுக்க வலைத்துணியாலான உள்கூடாரம் நம்மூர்ப் புழுக்கத்துக்கு ஏற்றது. அங்கே நுண்மணல் அதன் வழியாக உதிர்ந்து படுக்கையில் படியும். ஜிப்பில் மணல் ஏறினால் எண்ணெய் போடாதீர்கள், இன்னும் அதிகம் ஒட்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருக்கும் டிகிரியைப் பாருங்கள், ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதை அல்ல. கம்ஃபர்ட் 0 முதல் 5 வரை இருக்கவேண்டும். அடியில் பத்து மில்லிமீட்டர் ஃபோம் மேட், ஜனவரி என்றால் இரட்டையாக. ஆளுக்கு ஒரு செட் தெர்மல், கம்பளிக் குல்லா, தூங்கும்போது மட்டும் போட ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். பகலில் வியர்த்த சாக்ஸோடு படுத்தால் கால் சூடேறவே ஏறாது.

தண்ணீர்க் கணக்கு

குளிர்காலத்திலும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 4 லிட்டர், சமைக்க ஒன்றரை, கைகால் கழுவ 3 என்று வையுங்கள். ஆறு பேருக்கு இரண்டு நாள் என்றால் 102 லிட்டர். 20 லிட்டர் கேன் ஆறு எடுத்தால் அவசரத்துக்கும் 18 லிட்டர் மிஞ்சும். குளிர் காற்றில் தாகமே தெரியாது, வியர்வையும் உடனே உலர்ந்துவிடும், அதனால்தான் இரண்டாம் நாள் மாலை தலைவலியோடு உட்கார்வார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடிப்பது போதவில்லை. ஓஆர்எஸ் பத்துப் பாக்கெட் வைத்திருங்கள், பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் ஃப்ளோரைடும் கூடுதலாக இருப்பதுண்டு. குடிக்க மட்டும் கேன் தண்ணீர் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பாம்பு, தேள்

குளிரில் நடமாட்டம் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. சுருட்டை விரியன்தான் கவலைக்குரியது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யப் பயன்படும் விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், தென்னிந்தியப் பாம்புகளிடமிருந்து எடுப்பது. மேற்கு ராஜஸ்தானின் சுருட்டை விரியன் வேறு உள்ளினம், அதன் விஷத்துக்கு இந்த மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கடிபடாமல் இருப்பதே முக்கியம்: இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடி வைக்கக்கூடாது, கணுக்கால் மூடிய ஷூ, காலையில் ஷூவை உதறிவிட்டே போடவேண்டும், ஜிப் எப்போதும் மூடியிருக்கவேண்டும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வண்டியில் ஏற்றி நேராக ஜெய்சல்மேர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து குறைவாக வேலை செய்தாலும் அதுதான் உயிர் காக்கும் ஒரே மருந்து.

போய்ச்சேரும் வழி

மதுரையிலிருந்து பிகானேருக்கு வாரம் ஒருமுறை அனுவ்ரத் ஏசி ரயில் உண்டு. இரண்டு நாளுக்கும் மேல் ஆகும். பிகானேரிலிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னும் 330 கிலோமீட்டர். சென்னையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஜோத்பூருக்கு வாராந்திர ரயில்கள் இருக்கின்றன, ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஓர் இரவுப் பயணம். ரயிலில் போய்வந்தால் பத்து நாள் லீவு வேண்டும். லீவு ஆறு நாள்தான் என்றால் மதுரையிலிருந்து டெல்லியோ மும்பையோ மாறி ஜோத்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கார் எடுப்பது சரியாக வரும். ஜெய்சல்மேர் விமான நிலையத்துக்குக் குளிர்காலத்தில் சேவை உண்டு, பருவத்துக்குப் பருவம் மாறும். ஜோத்பூர் வழியில் போகிறவர்கள் பலோதியில் இறங்கி, பக்கத்துக் கீசன் கிராமத்தில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் கூடும் ‘டெமாய்செல்’ கொக்குகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். காலை நேரம் நல்லது.

கேஸ் அடுப்புக் கேனிஸ்டர், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக்கூடாது. அடுப்பும் சின்ன சிலிண்டரும் ஜெய்சல்மேரில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மணலில் அடுப்பு சாயும், அடியில் ஒரு அடிச் சதுரப் பலகை வைக்கவேண்டும். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, வறுத்த சேமியா எடுத்துப்போகலாம், நாள் பல தாங்கும். டிரோனைக் கையோடு எடுத்துப்போகாதீர்கள். பாகிஸ்தான் எல்லைக்கு அருகில் இருக்கும் மாவட்டம், வீண் விசாரணைதான் மிஞ்சும். ஆதார் அட்டை அசலை எல்லோரும் கையில் வைத்திருங்கள்.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. அதனால் 75, 80 நாளைக்கு முன்பே சுதாசரிக்கு வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவையுங்கள். அவர்கள் சொல்லும் தேதியை வைத்துக் கூரியில் இரண்டு இரவு பேசி முடியுங்கள், முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பிறகு அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு டிக்கெட்டுக்கு உட்காருங்கள். போகும் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள், அதன் அறுபதாம் நாள் இன்னும் ஒரு வாரம் தள்ளி வரும்.